பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குத் தம்பி ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். வடக்கில் சனத்தின் வாக்குமூலங்களைத் திரட்டும் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறார். வெளிநாட்டுக் குழுவொன்றைச் சந்திக்க இருக்கிறார்களாம். "அறிக்கையை ஒருக்கால் பார்த்துத் தாங்கோ அக்கா" என்றார்.

நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். "இறுதி யுத்தத்தில் இரண்டு மகன்மாரைத் தொலைத்தவர், வயது 61, பிரதேச செயலகத்துக்கு எதிரே இடியப்பம் அவித்து விற்பவர்" என்று எழுதியிருந்தது. தன்னைத் தேடி இரவில் வந்த இருவர் என்னென்ன கேட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னது அதன் கீழே ஒரு பக்கத்துக்கு இருந்தது.

"தம்பி, இந்த அம்மாவுக்கு இது தெரியுமா?"

"பெயர் போடேல்லைத்தானே அக்கா."

இந்த வருடத்தில் எனக்கு இதே பதில் கிடைத்தது மூன்றாவது தடவை. மூன்று வேறு அமைப்புகள், மூன்று வேறு பிள்ளைகள், எல்லாரும் நல்ல மனதோடு வேலை செய்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். (அந்த அம்மாவைப் பற்றி இங்கே நான் எழுதியிருக்கும் வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் மாற்றப்பட்டவை. தேடிப் பார்க்க வேண்டாம்.)

ஐ.நா. அமைதிப் பணிகளில் அரசியல் விவகார அலுவலராகப் பதினொரு வருடம் இருந்தேன். முதலில் நேபாளம், பிறகு ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகள். அந்த வேலையென்றால் உளவு பார்ப்பது என்று எங்கள் சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஐ.நா. என்று பெரிதாக எழுதிய வெள்ளை வாகனத்தில் போய், நான் இன்னார் என்று சொல்லி, கட்சிக் கந்தோரிலும் தேநீர்க் கடையிலும் ஆட்களோடு உட்கார்ந்து கதைப்பதுதான் வேலையில் பாதி. மற்றப் பாதி எழுதுவது. அன்றன்றைய அறிக்கை, வார அறிக்கை, நியூயோர்க்குக்குப் போகும் குறிப்பு, கடைசியில் செயலாளர் நாயகம் பாதுகாப்புச் சபைக்குக் கொடுக்கும் அறிக்கையில் இரண்டு வரி.

நேபாளத்தில் இருந்தது சின்னப் பணி. பாதுகாப்புச் சபையின் 1740ஆம் தீர்மானத்தோடு 2007 ஜனவரியில் தொடங்கி 2011 ஜனவரியில் முடிந்தது. அமைதிப்படையே கிடையாது. ஆயுதக் கண்காணிப்பாளர்களும் ஆயுதம் இல்லாமல்தான் போனார்கள். முகாம்களில் இருந்த மாவோயிஸ்ட் போராளிகளில் 19,602 பேரைச் சரிபார்த்துப் பதிந்த வேலையும் அப்படித்தான் நடந்தது. யாரையும் கைதுசெய்யவோ யாருக்கும் காவல் போடவோ எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆட்கள் எங்களை நம்பிக் கதைத்தார்கள், அதை வைத்துத்தான் நாங்கள் எழுதினோம்.

அந்த நம்பிக்கையை நானே ஒருதடவை உடைத்தேன். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சிறு பட்டணம், இரண்டு பள்ளிக்கூடம். நிவாரண மூட்டைகளை உள்ளூர் நிர்வாகியின் ஆட்கள் இரவில் ஏற்றிக்கொண்டு போனதை ஒருவர் எனக்குச் சொன்னார். வார அறிக்கையில் "உள்ளூர் ஆசிரியை ஒருவரின் கூற்றுப்படி" என்று எழுதினேன். பெயரை விட்டது எனக்குப் பெரிய கவனமாகப் பட்டது. மூன்று நாள் கழித்து எங்கள் பிராந்தியப் பொறுப்பாளர் அந்த நிர்வாகியைச் சந்தித்தார். நல்லெண்ணத்தோடுதான் விடயத்தை எடுத்தார், "ஆசிரியர்கள்கூடக் கவலைப்படுகிறார்கள்" என்று. அந்தப் பட்டணத்தில் ஆசிரியை என்று இருந்தது ஒரேயொருவர்.

அன்று மாலை அவர் ஒரு பையோடும் மகளோடும் எங்கள் முகாம் வாசலுக்கு வந்தார். ஏசவில்லை. "நான் உங்களுக்கு மட்டும்தானே சொன்னேன்" என்றார். இரண்டு நாளில் ஆற்றுக்கு அப்பால் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு அதன்பிறகு ஆசிரியர் இல்லை.

இதில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. அறிக்கை மேலே போய் அங்கேயே தங்குகிற பொருள் என்று நினைத்திருந்தேன். அது திரும்பிக் கீழே வரும். அடுத்த சந்திப்பில் பேசுவதற்காகத்தான் பெரியவர்கள் அதை வாசிக்கிறார்கள். நீங்கள் எழுதிய வரி, நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரின் மேசையிலேயே வாய்வழியாகப் போய் விழும். "இரகசியம்" என்று தலைப்பில் முத்திரை குத்துவது தாளைக் காப்பாற்றலாம். வாயைக் காப்பாற்றாது.

இனி அந்தத் தம்பியின் பதிலுக்கு வருகிறேன். பெயர் போடவில்லைத்தானே!

எங்கள் ஊர்களில் யாரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரால் அறிகிறோம்? "சங்கக்கடை மணியத்தாரின் இரண்டாவது மகள்", "ஆலடி மாஸ்டர்", "தபால்கந்தோர் ரீச்சர்", "சவூதிக்குப் போய் வந்தவவின்ரை மருமகன்". சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் அடுத்த ஒழுங்கைக்காரருக்குக்கூடத் தெரியாது. இடியப்பக்காரம்மா என்றால் பஸ் கொண்டக்டரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். நீங்கள் பெயரை அழித்துவிட்டு ஊர் கூப்பிடுகிற பெயரை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் வாசிக்கிற எனக்கு அது ஒரு தாய். அந்தப் பிரதேச செயலகத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவருக்கு அது ஒரு விலாசம்.

வயது, தொழில், இடம் மூன்றும் ஒன்றாக வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். தொழிலை எடுத்து, "காணாமல் ஆக்கப்பட்டோரின் போராட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர்" என்று மாற்றுவதும் அதே கதைதான். எத்தனை முன்வரிசை இருக்கிறது? வயதை "அறுபதுகளில் இருப்பவர்" என்று ஆக்கிவிட்டு, மகன் படித்த பள்ளிக்கூடத்தையும் அவன் விளையாடிய கழகத்தையும் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விவரணை எல்லாவற்றையும் எடுத்த பிறகும் சொன்ன விடயமே ஆளைக் காட்டும். மூன்று பேர் மட்டும் இருந்த அறையில் நடந்ததை எழுதினால், அந்த மூவரில் இரண்டு பேர் மற்றவரைத்தான் பார்ப்பார்கள். சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போடுவதும் ஆபத்து. ஒவ்வொருவருக்கும் வாய்ச்சொல் உண்டு. "கடவுளே என்ரை முருகா" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்பவரை அந்த ஒன்றை வைத்தே ஊர் பிடித்துவிடும். படத்தில் முகத்தை மங்கலாக்கிவிட்டு வாசல் கேற்றையும் சுவரில் தொங்கும் மகனின் படத்தையும் தெளிவாக விடுகிறீர்கள். முகத்தை மறைக்கத் தெரிந்த உங்களுக்குக் கேற்றை மறைக்க ஏன் தோன்றவில்லை?

"விவரம் இல்லாவிட்டால் அவர்கள் நம்பமாட்டார்கள் அக்கா." இதையும் கேட்டுக் களைத்துவிட்டேன். அரசியல் அறிக்கையை நம்பவைப்பது இடியப்பம் இல்லை. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடம், வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் கேட்டோம், மூவரும் ஒரே விதமாகச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். நாலாவது ஆள் மறுத்தார் என்றால் அதையும் எழுதுங்கள். ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் வாசிக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

நீதிமன்றத்துக்கான சாட்சியம் வேறு வேலை. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, 2021 முதல், மனித உரிமை உயர்ஸ்தானிகர் அலுவலகம் இலங்கை பற்றிய ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. அப்படியான கோப்பில் பெயரும் விவரமும் தேவைப்படும், அவரின் சம்மதத்தோடு, பூட்டிய இடத்தில். அந்தக் கோப்பையும் சந்திப்புக்குக் கொண்டுபோகும் அறிக்கையையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். 2025 ஜூனில் உயர்ஸ்தானிகர் வோல்கர் டேர்க் யாழ்ப்பாணத்தில் செம்மணிப் புதைகுழியைப் பார்க்க வந்ததுபோன்ற நாட்களில் எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில்தான் குழைகிறது.

பழகிக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். பெயர்ப்பட்டியல் ஒரு தாளில், அறிக்கை வேறிடத்தில், நடுவில் ஒரு இலக்கம் மட்டும். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் அதே ஊர்க்காரர் ஒருவரின் கண்ணால் வாசியுங்கள், யாரென்று அவருக்கு விளங்குமா என்று. விளங்கும் என்றால் வெட்டுங்கள், மாவட்டத்தை மாகாணம் ஆக்குங்கள், ஒருவர் சொன்னதைப் பலர் சொன்னதோடு சேர்த்து எழுதுங்கள். ஒரேயொருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய விடயம் என்றால் எழுதவே எழுதாதீர்கள். வெள்ளை வாகனத்தை அவர் வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். அப்புறம், வரைவை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 43 பேர் இருக்கிற குழுவில் போட்டுவிட்டு "எங்கட ஆட்கள்தான்" என்கிறீர்கள். அந்த 43 பேரின் போன்களும் யார் யார் கையில் இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா?

சம்மதம் இரண்டு தடவை கேட்க வேண்டும். கதைக்கும்போது ஒருதடவை, எழுதிய பத்தியை வாசித்துக் காட்டி இன்னொருதடவை. முதல் தடவை அழுதுகொண்டே "எல்லாத்தையும் எழுதுங்கோ பிள்ளை" என்று சொல்பவர், இரண்டாம் தடவை "அந்த ஒரு வரியை மட்டும் விடுங்கோ" என்பார். என் அனுபவத்தில் அந்த ஒரு வரியைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை.

மொழிபெயர்க்கும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். நாங்கள் ஒப்பந்தம் முடிந்து விமானம் ஏறிவிடுவோம். கேள்வியைத் தன் வாயால் கேட்ட பிள்ளை அதே ஊரில் இருக்கும். இதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. கந்தோர்கள் மூடி வெளிநாட்டு ஊழியர்கள் தெற்கே புறப்பட்டபோது, போகவேண்டாம் என்று வாசலில் நின்று கெஞ்சியது நம்முடைய சனம். 2024 ஜூனில் யேமனில் ஹூதிகள் ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவன ஊழியர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடிபட்டவர்கள் அந்த நாட்டுப் பிள்ளைகள்.

கதைக்க வருகிற அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் ஒரு வேண்டுகோள். கேட்பவர் கோட்டுப் போட்டவரோ, நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளையோ, "இதை யார் வாசிப்பார்கள், என்னைப் பற்றி என்ன எழுதுவீர்கள்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சொன்னதைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "உங்களுக்கு ஒன்றும் நடக்காது, நாங்கள் பொறுப்பு" என்று யாராவது சொன்னால் அவரோடு மேற்கொண்டு கதைக்காதீர்கள், அந்த உறுதியைத் தரக்கூடியவர் யாரும் இல்லை. ஐ.நா.வோடு கதைத்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர்களைப் பற்றிச் செயலாளர் நாயகமே வருடாவருடம் மனித உரிமைப் பேரவைக்கு ஒரு அறிக்கை கொடுக்கவேண்டியிருக்கிறது.

அந்தத் தம்பியும் நானும் அன்று இரவு ஒன்பது மணிவரை இருந்து நான்காம் பக்கத்தைத் திருத்தினோம். இடியப்பம் போனது, பிரதேச செயலகம் போனது, மகன்மாரின் எண்ணிக்கை போனது. "வட மாகாணத்தில் உறவுகளைத் தேடும் பெண்கள் பலர், இரவில் அறியாதவர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்ததாகத் தனித்தனியே கூறினர்" என்று ஒரு வரி மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் பழைய வரைவு வியாழக்கிழமையே குழுவில் போய்விட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். போனை வாங்கிப் பார்த்தேன். 31 பேர் வாசித்திருந்தார்கள்.

அழித்தார். போனில் அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லவேண்டாம், நேரில் போங்கள் என்றேன். ஞாயிறு இரவு பஸ்ஸில் போனார்.