தமிழ்ப் பக்கத்தில் மட்டும் உடைந்த லிஸ்ட்

பெங்களூரு அல்சூரில் ஒரு பாத்திரக் கடைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம், ஆங்கிலம், கன்னடம், தமிழ் என்று மூன்று மொழியில். டெமோவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கூட வேலை செய்யும் ஓசூர்த் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, இங்கிலீஷ்ல சரியா இருக்கு, தமிழ்ல மட்டும் உடையுது."

வரிசைக்கு நாலு பொருள். ஒவ்வொன்றும் ஒரு எல்ஐ, அதாவது லிஸ்ட்டில் ஒரு பெட்டி, அகலம் 25 சதவீதம், ஃப்ளோட் லெஃப்ட், அதாவது இடப்பக்கம் ஒதுங்கி நில் என்ற கட்டளை. ஆங்கிலத்தில் 'இட்லி ஸ்டீமர்' என்று ஒரே வரியில் அடங்கிய இரண்டாவது பொருள், தமிழில் 'எவர்சில்வர் இட்லிப் பாத்திரம்' என்று இரண்டு வரியாகிவிட்டது. உடனே ஐந்தாவது பெட்டி இடது ஓரத்துக்கு வராமல் மூன்றாவதன் கீழே போய் உட்கார்ந்துகொண்டது, இடப்பக்கம் இரண்டு பெட்டி இடம் காலி.

பிரவுசர் மேல் தப்பில்லை. ஃப்ளோட்டுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. முடிந்தவரை மேலே, அப்புறம் முடிந்தவரை இடப்பக்கம், அவ்வளவுதான். மற்ற மூன்று பெட்டிகளும் முடிகிற உயரத்திலேயே ஐந்தாவதற்கு இடம் கிடைத்துவிடுகிறது, அங்கிருந்து இடப்பக்கம் நகரப் பார்க்கும்போது ஒரு வரி கூடுதலாகத் தொங்கும் இரண்டாவதில், முள்ளில் சிக்கிய வேட்டி மாதிரி மாட்டிக்கொள்கிறது. அந்த நீளப் பெயர் நாலாவதில் இருந்திருந்தால் ஐந்தாவது ஒழுங்காக இடது ஓரத்துக்கே வந்திருக்கும், நாங்களும் கவனித்திருக்க மாட்டோம்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஹைட் கொடுத்துவிடலாமா என்றான் தம்பி. கொடுக்காதீர்கள். யாராவது எழுத்தைப் பெரிதாக்கினால் பெயர் பெட்டிக்கு வெளியே வழியும். ஒவ்வொரு வரிசையின் முதல் பெட்டிக்கும் (ஐந்தாவது, ஒன்பதாவது என்று) கிளியர் லெஃப்ட், அதாவது முந்தின ஃப்ளோட்டுகளுக்குக் கீழே இறங்கு என்ற கட்டளை, போடுவது பழைய வழி, ஆனால் மொபைலில் வரிசைக்கு இரண்டு என்று மாறும்போது அந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, யுஎல்லுக்கு, அதாவது எல்ஐ எல்லாம் அடங்கிய முழு லிஸ்ட்டுக்கு, கொடுத்த மஞ்சள் பின்னணியும் காணவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் ஃப்ளோட் ஆனால் யுஎல் அவற்றை உயரக் கணக்கில் சேர்க்காது, உயரம் பூஜ்யம். பலர் ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டுச் சமாளிப்பார்கள், ஆனால் அது பெட்டிக்கு வெளியே நீள்வதை மறைத்துவிடும், மெனுவாக இருந்தால் டிராப்டவுன் வெட்டுப்படும். டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் போட்டால் யுஎல் ஃப்ளோட்டுகளையும் உயரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், அந்தத் தொல்லை இல்லை.

1996-இல் சிஎஸ்எஸ், அதாவது வெப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி, வந்தபோது படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக இருந்ததுதான் ஃப்ளோட். வேறு வழியில்லாமல் நாம்தான் அதை வைத்து வீடே கட்டினோம். யுஎல்லுக்கு, பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸும், இடம் போதாதபோது அடுத்த வரிசைக்கு இறக்கும் ஃப்ளெக்ஸ்-ராப்பும் போட்டேன். வரிசையும் பின்னணியும் சரியாகிவிட்டன.

"எல்ஐல இருக்கிற ஃப்ளோட்டை என்ன பண்றதுண்ணா?"

ஃப்ளெக்ஸுக்குள் அது வேலையே செய்யாது, இருந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அடுத்து வந்து பார்க்கிறவன் குழம்புவான், அழித்துவிடு என்றேன்.