ரேடியேட்டர் விசிறியின் நட்டு எந்தப் பக்கம் கழலும்?

"ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினாலும் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) கூடவே சுற்றுகிறது, நட்டு அசைய மாட்டேன் என்கிறது. பட்டறையில் இதற்கென்று தனிக் கருவி உண்டாமே, வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாட்டர் பம்ப் மாற்ற இறங்கி, எஞ்சின் முகப்பில் இருக்கும் பெரிய விசிறியிடம் மாட்டிக்கொண்டவர்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் இரும்பை அறுக்கும் முன், அந்த நட்டு ஏன் இவ்வளவு இறுகியது என்று பார்த்துவிடுவோம்.

மின்மோட்டாரில் ஓடும் விசிறிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றும் விசிறிகளில், வாட்டர் பம்ப் தண்டுக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு கிளட்ச் இருக்கும். அதற்குள் சிலிக்கோன் எண்ணெய். முகப்பில் ஈருலோகச் சுருள், அதாவது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூட்டில் வளையும் பட்டை. ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானால் சுருள் திருகி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் இடுக்குகளில் பரவி, தன் பிசுபிசுப்பால் விசிறியை இழுத்துக்கொண்டு ஓடும். சூடு தணிந்தால் பிடி தளரும். விசிறிக்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பாதியானாலே எட்டில் ஒரு பங்கு திறன் போதும் என்பதால் எரிபொருள் மிச்சம்.

பல வண்டிகளில் இந்த மொத்த உருப்படியும் ஒரே ஒரு பெரிய நட்டில்தான் நிற்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தண்டு முன்னே ஓடுகிறது. காற்றைத் தள்ளும் விசிறி பின்தங்குகிறது. தண்டு வலஞ்சுழியாகச் சுற்றினால், அதன் கண்ணுக்கு நட்டு எப்போதும் இடஞ்சுழியாகத் திரும்பப் பார்ப்பதுபோலத் தெரியும். சாதாரண வலது மரை (வலப்பக்கம் திருப்பினால் இறுகும் திருகு வெட்டு) வைத்திருந்தால் ஓட ஓடக் கழன்றுவிடும். அதனால் அங்கே இடது மரை வெட்டுகிறார்கள். பின்தங்கும் ஒவ்வொரு இழுப்பும் நட்டை இறுக்கவே செய்கிறது. மேசை விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியை வலப்பக்கம் திருப்பிக் கழற்றுகிறோமே, அதே காரணம்தான்.

சில எஞ்சின்களில் பெல்ட்டின் முதுகுப்புறம் வாட்டர் பம்ப் புல்லியைத் தொட்டு ஓடும். அப்போது பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். மரையும் வலது மரையாகிவிடும். எந்த வண்டிக்கு எந்த மரை என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஓடும்போது விசிறி எந்தப் பக்கம் சுற்றுமோ, நட்டை அந்தப் பக்கமே திருப்பினால் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பினால் எஞ்சின் செய்த வேலையையே நாமும் தொடர்கிறோம்.

இனி கருவி. வேலை எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான். நட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடம் குறைவு, தடித்த ஸ்பேனர் நுழையாது. நட்டை அளந்துகொள்ளுங்கள், 32 அல்லது 36 மில்லிமீட்டர் அளவு பல வண்டிகளில் உண்டு. 5, 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டில் ஸ்பேனர் வாய் வெட்டலாம். வாயின் இரு கன்னங்களையும் அகலமாக விடுங்கள், இல்லையென்றால் விரிந்து நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

புல்லியைப் பிடிக்க அரை மீட்டர் நீள இரும்புப் பட்டை. புல்லியின் போல்ட் தலைகள்மேல் ஒரு அட்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் தலைகளின் அச்சு அப்படியே விழும். அந்த அச்சில் பக்கத்துப் பக்கத்துப் போல்ட் இரண்டுக்கு ஓட்டை போட்டு, தண்டு வரும் இடத்தில் அரைவட்டம் அறுத்துவிட்டால் போதும். பட்டையின் மறுமுனை உறுதியான இரும்பு பிராக்கெட் ஒன்றில் சாயட்டும். ரேடியேட்டர் பக்கம் போகவே கூடாது. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையையும் செருகிவையுங்கள்.

பட்டை இல்லாமலும் ஒரு வழி உண்டு: ஸ்பேனரின் முனையில் சுத்தியலால் அடிப்பது. கையால் மெதுவாகத் தள்ளினால் பெல்ட் வழுக்கி, புல்லி நகர அவகாசம் கிடைக்கிறது. அடி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அரைக் கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள் நின்றால், சராசரி விசை 1,250 நியூட்டன். புல்லியின் நிலைமமே (இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கும் குணம்) அந்தக் கணத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும். நான் கழற்றிய நட்டு மூன்றாவது அடியில் இளகியது. முதல் இரண்டு அடிக்கும் கணீரென்ற சத்தம். மூன்றாவதில் சத்தம் மொத்தையாகிவிட்டது, மரையோரம் செந்துரு உதிர்ந்தது. பிறகு விரலாலேயே சுழற்றி எடுத்தேன்.

ஒருவருக்கு வராத நட்டு இன்னொருவருக்கு ஒரே தட்டில் வந்தால் 'கைராசி' என்கிறோம். எனக்கு இந்தச் சொல்மேல் உண்மையான வருத்தம் உண்டு. அவர் சரியான திசையில், சரியான வேகத்தில் அடித்தார். அது யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடிய அறிவு. ராசி என்று சொன்ன நொடியே கற்றுக்கொள்ளும் வாசலை மூடிவிடுகிறோம். நிலைமத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடும் பள்ளிகள், மாணவர் கையில் ஒரு ஸ்பேனரையும் கொடுக்க வேண்டும்.

கழற்றிய கிளட்ச்சைப் படுக்கவைக்காதீர்கள், எண்ணெய் கசிய வாய்ப்புண்டு. வண்டியில் நின்ற வாக்கிலேயே நிறுத்திவையுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள், மரை கோணலாகப் பிடித்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், சுத்தியல் வேண்டாம்.