பியூனின் இதயமும் அதிகாரியின் இதயமும்

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் டென்ஷன் அதிகம், மாரடைப்பும் அவருக்குத்தான் முதலில் வரும் என்று இன்றும் பலர் நம்புகிறோம். 1960களில் பிரிட்டனிலும் இந்த எண்ணம் பரவலாக இருந்தது. அதை உடைத்தது, லண்டனில் வைட்ஹால் பகுதி அரசு அலுவலகங்களில் நடந்த ஓர் ஆய்வு.

டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் ஆகிய இரு மருத்துவ ஆய்வாளர்களும் 1967இல் அதைத் தொடங்கினார்கள். சுமார் 18,000 ஆண் ஊழியர்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அதன்பின் யார் எந்த நோயால் இறக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். பிறகு மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளரும் ரோஸும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்தத் தகவல்களைப் பதவிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏழரை ஆண்டுகளில் இதய நோயால் நேர்ந்த மரணம், உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளைவிடப் பியூன் போன்ற கடைநிலை ஊழியர்களிடம் 3.6 மடங்கு இருந்தது.

ஏழைக்கு நோய் அதிகம் என்பது தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் இவர்கள் யாரும் வேலையில்லாதவர்கள் அல்ல. மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, அரசின் இலவச மருத்துவமும் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைசிப் படியில் இருந்தவர்கள் மட்டும் பாதிக்கப்படவில்லை. உச்சிக்கு அடுத்த நிலையில், நல்ல சம்பளத்தோடு இருந்தவர்களுக்குக்கூட உச்சியில் இருந்தவர்களைவிட ஆபத்து கூடுதல். படி இறங்க இறங்க ஆபத்து ஏறிக்கொண்டே போனது.

சரி, கீழ்நிலை ஊழியர்கள் அதிகம் புகைத்தார்களே, அதுதான் காரணமோ? அவர்கள் அதிகம் புகைத்தது உண்மைதான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தில் பாதிக்குமேல் விளக்கமில்லாமல் நின்றது. புகைக்காதவர்களிடமும் பதவி குறையக் குறைய ஆபத்து ஏறுவது தெரிந்தது.

அதற்கு விடை தேடி 1985இல் மார்மட் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. 20 துறைகளிலிருந்து 10,308 பேர், வயது 35 முதல் 55 வரை. இந்த முறை மூன்றில் ஒருவர் பெண். வேலை எவ்வளவு கடினம் என்பதோடு, அந்த வேலையில் உங்களுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்றும் கேட்டார்கள். எதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க முடிகிறதா? உங்கள் திறமைக்கு இடம் இருக்கிறதா? 1997இல் வந்த முடிவு தெளிவாக இருந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டபோதும் தன் வேலையில் தனக்குப் பிடி குறைவு என்று சொன்னவர்களுக்கு, பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. மனச்சோர்வில் இருப்பவர் எல்லாவற்றையும் குறையாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்காக, ஒவ்வொரு வேலையையும் நிர்வாகத் தரப்பைக் கொண்டு தனியாகவும் மதிப்பிட்டார்கள். அதிலும் பிடி குறைவான வேலைகளில்தான் நோய் அதிகம் இருந்தது.

மேலதிகாரியின் ஒரு சொல் எப்படி ரத்தக்குழாய் வரை போகிறது? ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வந்து ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய ஐந்து நிமிடத்துக்கு இது அருமையான ஏற்பாடு. அதுவே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினின் வேலை மந்தமாகிறது. நல்ல இதயத்தில் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் சற்றே கூடிக் குறைந்துகொண்டிருக்கும். பிடி குறைந்த வேலையில் இருந்தவர்களிடம் அந்த நெகிழ்வும் குறைந்திருந்தது. இந்த ஆய்வின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விச் சுற்றுகளில் வேலை அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களுக்கு, தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்து வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று 2006இல் வெளியான முடிவு காட்டியது.

எல்லாப் பழியையும் அலுவலகத்தின்மேல் போடவும் முடியாது. குட்டையானவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருந்தது. வயதுவந்தவரின் உயரம் குழந்தைப் பருவ ஊட்டத்தையும் ஓரளவு காட்டும் என்பதால், நோயின் ஒரு பங்கு பல ஆண்டுகளுக்கு முன்பே, வீட்டிலேயே தொடங்கியிருக்கிறது.

இந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கியது, யாரும் திட்டமிடாமல் நடந்த ஒரு சோதனை. 20 துறைகளில் ஒன்றான அரசுக் கட்டடப் பராமரிப்புத் துறையைத் தனியாருக்கு விற்பதென்று அரசு முடிவெடுத்தது. விற்பனைக்கு முன்பே அங்கிருந்தவர்களின் உடல்நிலை, மற்ற 19 துறைக்காரர்களோடு ஒப்பிட்டால், அவர்களே சொன்னபடி மோசமாகியிருந்தது. அப்போது சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்பதில் தங்கள் கையில் எதுவும் இல்லை என்ற நிலை மட்டுமே புதிதாக வந்திருந்தது.