மேனேஜரைப் போட்டுக்கொடுக்கும் ரெஸ்யூமே

ரெஸ்யூமே, கவர் லெட்டர், கம்பெனி ரிப்போர்ட் இவற்றின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்மூர் இன்ஜினியர்கள், நர்ஸ்கள். ஸ்பெல்லிங் பிழையெல்லாம் இப்போது அபூர்வம், மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. அதன் கண்ணில் படாமல் தப்பி என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கிற பிழை ஒன்று உண்டு.

'த மேனேஜர் ஐ ரிப்போர்ட்டட் இஸ் நவ் இன் துபாய்.' எனக்கு மேலே இருந்த மேனேஜர் இப்போது துபாயில் இருக்கிறார் என்று சொல்லத்தான் இப்படி எழுதுகிறார்கள். படிக்கிற ஹெச்.ஆர். புரிந்துகொள்வதோ, 'நான் புகார் கொடுத்த மேனேஜர் இப்போது துபாயில் இருக்கிறார்' என்று! ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பது 'ரிப்போர்ட் டு'. அந்த 'டு' இல்லாமல் ஓர் ஆளை 'ரிப்போர்ட்' செய்தால் அவரைப் போட்டுக்கொடுத்ததாக அர்த்தம். இரண்டே எழுத்து விட்டுப்போனதில் நல்ல பையன் ஒருவன் வம்புக்காரனாகிவிடுகிறான். மருத்துவமனை ரிப்போர்ட்டில் இதே கதை 'த பேஷன்ட் ஹி ஆபரேட்டட்' என்று வரும். அறுவை சிகிச்சை என்றால் 'ஆபரேட்டட் ஆன்'. 'ஆன்' இல்லாவிட்டால் டாக்டர் நோயாளியை கிரேன் மாதிரி இயக்கினார் என்று ஆகும். இரண்டிலும் இலக்கணம் சரியாகவே இருப்பதால் கிராமர் செக்கர் சிவப்புக் கோடு போடுவது சந்தேகம்தான்.

இது கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தமிழ் நமக்குப் பழக்கிவிட்ட வசதி அது. நான் வெட்டிய மரம், நான் வெட்டிய கத்தி, நான் வெட்டிய இடம், நான் வெட்டிய நாள். எல்லாவற்றுக்கும் ஒரே 'வெட்டிய'. மரத்தை வெட்டினேன், கத்தியால் வெட்டினேன், இடத்தில் வெட்டினேன் என்று தனி வாக்கியத்தில் இருந்த ஐ, ஆல், இல் எல்லாம் பெயரெச்சத்துக்குள் போனதும் காணாமல் போகின்றன. கத்தியை யாரும் வெட்டமாட்டார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும், அது போதும். தொல்காப்பியர் வினையியலில் இதைச் சூத்திரமாகவே சொல்லிவிட்டார்: இடம், செயப்படுபொருள், காலம், கருவி, செய்பவன், செயல் ஆகிய ஆறுக்கும் 'செய்த', 'செய்யும்' இரண்டும் ஒரேபோல உரியவை. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. மரம் என்றால் 'த ட்ரீ ஐ கட்'. கத்தி என்றால் 'த நைஃப் ஐ கட் இட் வித்'. நாள், காரணம், விதம் ஆகியவற்றுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. 'த டே ஐ ஜாயின்ட்' என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

தமிழர்கள்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வேறு பல மொழிக்காரர்களும் ஆங்கிலம் கற்கும்போது இதே இடத்தில் 'டு', 'ஆன்', 'வித்' போன்ற பிரிப்பொசிஷனைக் கைவிடுவது மொழியியல் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு காரணம் பள்ளிக்கூடம். வாக்கியத்தைப் பிரிப்பொசிஷனில் முடிக்கக் கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தப் பயத்தின் பழைய தடம் ஒன்று 1672-இல் இருக்கிறது. ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு மூத்த பென் ஜான்சனின் 'த பாடீஸ் தட் தோஸ் சோல்ஸ் வேர் ஃப்ரைட்டட் ஃப்ரம்' என்ற வரியைக் குற்றம் சொன்னார். கடைசியில் 'ஃப்ரம்' தொங்குகிறதாம். பார்த்தால் அதுவும் ஒரு ரிலேட்டிவ் கிளாஸ்தான், அதாவது நம் பெயரெச்சம் போல ஒரு பெயரை விளக்க வரும் பகுதி. பிறகு 1684-இல், தான் முன்பு எழுதிய கட்டுரையையே எடுத்து, கடைசியில் நின்ற பிரிப்பொசிஷன்களை நகர்த்தித் திருத்தினார். ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி எழுதிய ஃபௌலர் 1926-இலேயே இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டார். நம் வகுப்பறைகளுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. முடிவில் வைக்கப் பயந்து, முன்னால் கொண்டுபோகவும் தெரியாமல், மாணவன் அந்தச் சொல்லையே விழுங்கிவிடுகிறான். முன்னால் வைப்பதென்றால் 'டு ஹூம்', 'ஃபார் விச்' என்று வர வேண்டும். 'தட்' முன்னால் பிரிப்பொசிஷன் நிற்காது. 'ஃபார் தட் ஐ வொர்க்' என்பது ஆங்கிலமே இல்லை.

சரி, ஜெரண்ட், அதாவது பெயர்போல நிற்கும் 'இங்' வடிவ வினை, உள்ளே வந்தால்தான் சிக்கல் முற்றுகிறது. ஒரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரின் ரெஸ்யூமேயில் இருந்த வரி: 'த சர்வர் விச் ஐ வாஸ் ரெஸ்பான்ஸிபிள் டு மெய்ன்டெய்ன் இட்.' இங்கே இரண்டு கோளாறு. சர்வர் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்ட பிறகு கடைசியில் 'இட்' எதற்கு? அப்புறம், பொறுப்பில் இருந்ததைச் சொல்லும் 'ரெஸ்பான்ஸிபிள்' கேட்பது 'ஃபார்', அதன் பின்னால் 'இங்' வடிவம். நான் செய்யச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: முன்னால் போன பெயரைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துத் தனி வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஐ வாஸ் ரெஸ்பான்ஸிபிள் ஃபார் மெய்ன்டெய்னிங் த சர்வர்.' சரியாக இருக்கிறதா? இப்போது 'த சர்வர்' என்பதை மட்டும் உருவி முன்னால் வையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். 'த சர்வர் ஐ வாஸ் ரெஸ்பான்ஸிபிள் ஃபார் மெய்ன்டெய்னிங்.' முடிந்தது.

ஒரே கிளாஸுக்குள் இரண்டு பிரிப்பொசிஷன் வந்தாலும் இதே வழிதான். 'ஐ வாஸ் யூஸ்ட் டு டீலிங் வித் த வெண்டர்ஸ்.' பெயரை உருவினால் 'த வெண்டர்ஸ் ஐ வாஸ் யூஸ்ட் டு டீலிங் வித்'. இதில் 'டு' என்பது 'யூஸ்ட்' உடையது, அதற்குத் துணையாக 'டீலிங்' பக்கத்திலேயே இருக்கிறது. 'வித்' தான் துணையை இழந்து நிற்கிறது. அதனால் மரியாதையான கடிதத்தில் எதையாவது முன்னால் நகர்த்துவதென்றால் 'வித்' மட்டுமே போகலாம்: 'த வெண்டர்ஸ் வித் ஹூம் ஐ வாஸ் யூஸ்ட் டு டீலிங்'. பெரும்பாலோர் அருகில் கண்ணில் பட்ட 'டு' வைத் தூக்கி 'டு ஹூம்' என்று போட்டுவிடுகிறார்கள். 'த பக் வி சக்ஸீடட் இன் கெட்டிங் ரிட் ஆஃப்' போன்றவற்றில் எதையும் நகர்த்தாமல் விடுவதே நல்லது. 'கெட் ரிட் ஆஃப்' ஒட்டியே பிறந்தது, பிரித்தால் அசிங்கமாக இருக்கும்.

அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருப்பவர்கள் எதிர்ப்பக்கம் விழுவார்கள். 'த கம்பெனி இன் விச் ஐ வொர்க்ட் இன்' என்று முன்னாலும் பின்னாலும் போடுவது ஒன்று. 'த இஷ்யூ அபௌட் விச் வி டிஸ்கஸ்ட்' என்பது இன்னொன்று. தனி வாக்கியத்தில் 'வி டிஸ்கஸ்ட் த இஷ்யூ' தான், அங்கே 'அபௌட்' கிடையாது. இல்லாத சொல் கிளாஸுக்குள் மட்டும் எங்கிருந்து முளைக்கும்?

நம் நாட்டுக்கே உரிய வகை ஒன்றும் இருக்கிறது. வங்கி நோட்டீஸில் 'ஃபெயிலிங் விச்' என்று படித்திருப்பீர்கள்: இத்தனை நாளுக்குள் கட்டுங்கள், தவறினால் நடவடிக்கை. சட்ட மொழியில் அது நிலைத்துப்போன தொடர், பிழையல்ல. அதைப் பார்த்துப் பழகி 'க்ளிக்கிங் விச்', 'ஃபில்லிங் விச்' என்று நாமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். 'அதைக் க்ளிக் செய்தால்' என்ற தமிழ்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டு கஸ்டமருக்குப் போகும் மெயிலில் இதைக் கண்டால் நான் இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுவேன். 'க்ளிக் த லிங்க். யூ வில் கெட் த ஃபார்ம்.' இதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

எதையும் அனுப்பும் முன் கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'விச்', 'ஹூ', 'ஹூம்', 'தட்' நான்கையும் தேடுங்கள். இவை எதுவும் எழுதாமலும் கிளாஸ் வரும் என்பதால், பெயரை அடுத்து உடனே 'ஐ', 'வி' வருகிற இடங்களையும் பாருங்கள். இரண்டு பக்க ரெஸ்யூமேக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.