எலிவேட்டர்: பிரெய்ரி ஊர்களின் ஏற்றுக் களஞ்சியம்

எலிவேட்டர் என்றதும் நமக்கு லிஃப்ட்தான் நினைவுக்கு வரும். மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய கனடாவின் பிரெய்ரி (புல்வெளி) மாகாணங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு அப்படியில்லை. ரயில் பாதையோரம் ஏழெட்டு மாடி உயரத்தில் நிற்கும் மரக் கட்டடமும், அதன் நெற்றியில் பெரிதாக எழுதிய ஊர்ப் பெயரும்தான் அவர்களுக்கு எலிவேட்டர். விவசாயியிடம் கோதுமையை வாங்கி, எடை போட்டு, தரம் பார்த்து, சேர்த்து வைத்து, ரயிலில் அனுப்பும் இடம் அது.

லத்தீனில் 'எலிவாரே' என்றால் மேலே தூக்குதல். தூக்குவது எதுவோ அது எலிவேட்டர். 1842-இல் அமெரிக்காவின் பஃபலோ துறைமுகத்தில், கப்பலில் வந்த தானியத்தை இறக்க ஜோசப் டார்ட் என்ற வணிகர் நீராவியால் ஓடும் வாளிப் பட்டையை அமைத்தார். அதற்கு முன் கூலியாட்கள் முதுகில் சுமந்துதான் இறக்கினார்கள். பட்டைக்கு உரிய பெயர் நாளடைவில் கட்டடம் முழுவதற்கும் ஆகிவிட்டது. கனடியப் பிரெய்ரியின் முதல் எலிவேட்டர் 1879-இல் மானிடோபாவின் நைவர்வில்லில் எழுந்தது. அது வட்ட வடிவம். பின்னால் வந்தவை சதுரமானவை.

விவசாயி வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி உள்ளே எடைமேடையில் நிறுத்துவார். நிறை எடை பார்த்தபின் கோதுமை தரைக்கடியில் உள்ள குழியில் சரியும். பிறகு வெற்று வண்டிக்கு எடை. குழியிலிருந்து வாளிப் பட்டை கோதுமையை உச்சிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து குழாய் வழியாக உரிய அறையில் விழும். ரயில் பெட்டி வந்தால், கோதுமை குழாய் வழியாக அதில் இறங்கி நிரம்பும். எலிவேட்டரை நடத்தும் ஏஜென்ட் ஒரு பிடி கோதுமையைச் சலித்து, களை விதையும் பதரும் எவ்வளவு என்று பார்த்துக் கழிவு போடுவார். ஆண்டு முழுக்கப் பட்ட பாடு அந்தச் சல்லடையில்தான் விலையாகும். தரத்தைக் குறைத்துவிட்டார்கள், கழிவைக் கூட்டிவிட்டார்கள் என்ற மனக்குறை பல தலைமுறைக்கு இருந்தது. 1923, 1924-இல் விவசாயிகள் கூட்டுறவாகக் கோதுமைச் சங்கங்கள் அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊரும் எலிவேட்டரும் அமைந்தன. 1930-களில் 5,700-க்கும் மேல் இருந்தன. குழந்தைகள் எடைமேடையில் ஏறித் தங்கள் எடையைப் பார்த்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் ஏஜென்டின் அறையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மழை, விலை, கல்யாணம் எல்லாம் பேசுவார்கள். கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டு, லாரியும் கான்கிரீட் முனையங்களும் வந்தபின் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. மானிடோபாவின் இங்லிஸில் ஒரு வரிசை தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'தானிய உயர்த்தி' என்பது இயந்திரத்தை மட்டும் குறிக்கிறது. குதிரும் பத்தாயமும் வீட்டுச் சேமிப்புக்கு உரியவை. பெரும்பாணாற்றுப்படை 'குமரி மூத்த கூடு' என்று ஏணிக்கும் எட்டாத நெற்கூட்டைப் பாடுகிறது. முகட்டைத் திறந்து மேலிருந்து நெல்லைக் கொட்டி வைத்த கூடு அது. உயரத்தில் இதுவே நெருங்கி வருகிறது. ஆனால் அது ஒரு வீட்டின் வளம். வாங்கி அனுப்பும் இடம் அல்ல.

'ஏற்றுக் களஞ்சியம்' என்பதே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். உச்சிக்கு ஏற்றுவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் நமக்கு ஒரே வினைதான். எலிவேட்டர் செய்த இரண்டு வேலையும் அதில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லில் தூக்குதல் மட்டுமே உண்டு. உள்ளே ஓடும் பட்டையை 'வாளி ஏற்றி' எனலாம். மாடிக்குப் போகும் லிஃப்டுக்கு மின்தூக்கி ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் குழப்பமும் வராது.