பித்தளைப் பெட்டியில் இரும்பு ஆணி அடிக்கும் முன்

அமெரிக்கக் கலைஞர் மான் ரே 1921இல் பாரிஸில் ஓர் இஸ்திரிப் பெட்டியின் அடியில் வரிசையாகச் சிற்றாணிகளை ஒட்டி, அதற்குப் 'பரிசு' என்று பெயர் வைத்தார். துணியைத் தேய்க்கும் சாமான் துணியைக் கிழிக்கும் சாமானாகிவிட்டது. சேராத இரண்டைச் சேர்த்து வைப்பதில்தான், கனவுபோல விநோதமாகப் படைக்கும் சர்ரியலிசக் கலையின் உயிரே இருக்கிறது.

புதுச்சேரியில், காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கரி போட்டுச் சூடாக்கும் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கி நீங்களும் இப்படிச் செய்து பார்க்கலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பெட்டி பித்தளை, ஆணி இரும்பு என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

கடற்காற்று கொண்டுவரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சமையல் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும், அதனால் மழை இல்லாத நாளிலும், தொட்டால் காய்ந்தே இருக்கும் உலோகத்தின் மேல்கூட கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருக்கும். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, மேலே உப்புநீர். அவ்வளவுதான், ஒரு மின்கலம் தயார். இரும்பு எலக்ட்ரான்களைப் பித்தளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது. பித்தளைப் பரப்பில் காற்றின் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது.

இதில் முக்கியம் பரப்பளவு. பெரிய பித்தளைப் பெட்டி முழுக்க எலக்ட்ரான் கேட்கும், கொடுப்பதற்கு இருப்பதோ குட்டி ஆணிகள், ஆகவே மொத்த அரிப்பும் அவற்றின் மேலேயே விழுந்து, பெட்டியோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதி முதலில் போய்விடும். இதையே திருப்பிப் போட்டு, இரும்புப் பெட்டியில் பித்தளை ஆணி வைத்தால் அரிப்பு பெரிய பரப்பில் பரவிவிடும், பல வருடம் தாங்கும். துருவின் நிறமே வேண்டும் என்று செய்பவர்கள் உண்டு, அழகுதான், ஆனால் அப்போதும் ஆணி உதிராமல் நிற்க வேண்டுமே.

சரி, பித்தளைப் பெட்டிதான் வேண்டும் என்றால்? முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்துவிட்டு நன்றாகக் காயவையுங்கள். ஆணியும் பெட்டியும் நேராகத் தொடாதபடி நடுவில் அரால்டைட் போன்ற எபாக்சிப் பசையைத் தடிமனாக வையுங்கள். அப்புறம் வார்னிஷ். துருப்பிடிப்பது இரும்புதானே என்று ஆணிக்கு மட்டும் பூசிவிடாதீர்கள், எங்காவது தொடர்பு மிச்சமிருந்தால் பூச்சில் உள்ள ஊசிமுனை ஓட்டையில் அத்தனை அரிப்பும் குவிந்து இன்னும் ஆழமாகத் தின்னும். எலக்ட்ரான் கேட்பது பித்தளைதான், முதலில் அதை மூடுங்கள்.