ரசிகர் சேவையா, கொசுறா?

"இந்த கேமில் ரசிகர் சேவை கொஞ்சம் தூக்கல்." புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா மகனின் செல்போனில் யாரோ ஒருவர் தமிழில் வீடியோ கேம் விமர்சனம் செய்துகொண்டிருந்தார். ஒன்பது நிமிடத்தில் பதினோரு தடவை ரசிகர் சேவை, எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, "என்னடா, ரசிகர் மன்றத்துல ரத்த தானமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் என்ன தப்பு? தமிழ் தெரிந்தவர் காதில் அது அப்படித்தான் விழும். நற்பணி மன்றம், மோர்ப் பந்தல், இலவச நோட்டுப் புத்தகம். 2011 தானே புயலுக்கு அப்புறம் எங்கள் கடலூர்த் தெருவில் மன்றத்துப் பையன்கள் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். ரசிகர் சேவை என்றால் அது. விமர்சகர் சொல்லவந்ததோ வேறு. கூட வரும் ஆண்கள் தலை முதல் கால்வரை இரும்புக் கவசத்தில் நிற்க, படைத்தலைவி மட்டும் இடுப்பும் தொடையும் தெரிய வாளைத் தூக்குகிறாள் அல்லவா, அந்த ஏற்பாட்டைத்தான் அவர் சேவை என்கிறார்.

மூலச் சொல் ஃபேன் சர்வீஸ். இரண்டும் ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் சேர்த்துத் தைத்தவர்கள் ஜப்பானியர்கள். பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் ரசிகர்களுக்காகக் கூடுதலாகச் செய்யும் கையசைப்பு, கைகுலுக்கலுக்கும் அங்கே அதுதான் பெயர். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள் வழியாக அது கவர்ச்சி உடைக்கும், கதைக்கு வேண்டாத கிறுக்குத்தனங்களுக்கும் பெயராகி, மறுபடி ஆங்கிலத்துக்கே போய்ச் சேர்ந்தது. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

இனி சேவைக்கு வருவோம். திருவந்திபுரத்தில் கருட சேவை என்றால் கடலூரில் எல்லோருக்கும் தெரியும். பெருமாளைச் 'சேவிச்சிட்டு' வந்தேன் என்றால் கண்ணாரக் கண்டு கும்பிட்டேன் என்று பொருள். விமர்சகருக்கு இது தெரிந்திருந்தால், "பார்த்தீர்களா, சேவை என்றாலே பார்ப்பதுதானே" என்று என்னை மடக்கியிருக்கலாம். நல்ல வேளை, தெரியவில்லை. சரி, கோயிலை விட்டு வெளியே வந்தால் இ-சேவை மையம்: டோக்கன் வாங்கி, வருமானச் சான்றுக்குக் காத்திருந்து, சர்வர் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருவது. அப்புறம் வாடிக்கையாளர் சேவை: எண் ஒன்றை அழுத்தவும். காலையில் எலுமிச்சைச் சேவை, தொட்டுக்கொள்ளச் சட்னி. இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் முதுகில் வாள்வீராங்கனையின் அரைக்கச்சையையும் ஏற்றுவானேன்?

இதற்கும் ஒரு படி மேலே போய், 'சேவை' வடசொல், ஆகவே 'சுவைஞர் தொண்டு' என்று நண்பர் ஒருவர் திருத்தம் சொன்னார். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் எங்கள் கடலூர். உழவாரத்தைத் தோளில் சாய்த்து, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர் அவர். திருப்பாதிரிப்புலியூரில் நின்றுகொண்டு பிகினிக் கவசத்தைத் தொண்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேர் தமிழா என்று பார்த்தவர், பொருள் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்த 'விசிறி சேவை' பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மின்வெட்டு நேரத்தில் உதவலாம்.

'தீனி' பரவாயில்லை. ரசிகர்களுக்குத் தீனி போடுகிறார் என்று சினிமாக்காரர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். ஆனால் அதில் ரசிகரை மாடாக்கும் ஏளனம் ஒட்டியிருக்கிறது. விரும்பி ரசிப்பவர் அந்தச் சொல்லைத் தனக்கே வைத்துக்கொள்ள மாட்டார். 'கவர்ச்சி'யோ பாதியைத்தான் பிடிக்கும். அழுமூஞ்சி நாயகன் திடீரென்று கோழி வேடத்தில் வருவதும் ஃபேன் சர்வீஸ்தான், அதில் என்ன கவர்ச்சி?

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. ஜப்பானியர் வாயில் 'ஸாபிஸு' என்று ஆகும்போது சர்வீஸ் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்துவிடுகிறது. கடைக்காரர் காசு வாங்காமல் கூடுதலாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, "இது ஸாபிஸு" என்பார். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காயை நிறுத்துப் பையில் கொட்டிய கையோடு, கடைக்கார அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையைத் தூக்கிப் போடுகிறாரே, அதேதான். அதற்குத் தமிழில் பெயர் இல்லையா என்ன? கொசுறு. தெலுங்கிலும் கன்னடத்திலும் கொசரு. பத்திரிகைகள் பக்க மூலையில் 'கொசுறுச் செய்தி' போட்டு எழுத்திலும் ஏற்றிவிட்டன.

கொசுறு என்று வைத்ததும், கேமில் வரும் பெண்களின் உடையைப் பற்றிய சண்டையே தெளிவாகிவிடுகிறது. கொசுறு, தராசுக்கு வெளியே இருப்பது. அதை எடுத்துவிட்டாலும் எடை குறையாது. 2015இல் வந்த மெட்டல் கியர் சாலிட் ஐந்து என்ற கேமில் குவைட் என்றொரு குறிபார்த்துச் சுடும் பெண். போர்க்களத்தில் பிகினி மேலாடை, கிழிந்த காலுறை. அவள் தோல் வழியாகத்தான் மூச்சுவிடுகிறாள், அதனால்தான் இந்த உடை என்று கதையிலேயே காரணம் சொன்னார்கள். கொசுறைத் தராசில் ஏற்றிக் காய்தான் என்று சாதிக்கும் வேலை இது. இவ்வளவு பாடுபட்டுக் காரணம் தேட வேண்டியிருந்ததே, அது கொசுறு என்பதற்கு எனக்குப் போதுமான சாட்சி. பேயொனெட்டா (2009) என்ற கேம் வேறு கதை. நாயகி பெயரும் அதுதான், சூனியக்காரி. அவள் உடையே அவள் தலைமுடி. பெரிய மந்திரம் போடும்போது முடி அங்கே போய்விடும், உடம்பில் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் அந்த ஆட்டமே முதலிலிருந்து கடைசிவரை கோமாளித்தனம். கூத்தில் கட்டியங்காரன் பேசும் பச்சைப் பேச்சைக் கொசுறு என்போமா? அவனை எடுத்துவிட்டால் விடியும்வரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? அவளைப் படமாக வடித்ததும் மரி ஷிமாசாகி என்ற பெண்தான். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, ஆண்கள் கண்ணுக்காக ஆண்கள் வரைந்தது என்று ஒரே அடியாக அடிக்க முடியாது என்கிறேன்.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மொழிபெயர்ப்பு என்றால் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதியில் இருப்பதை எடுத்து ஒட்டுவது. கேமில் உடுப்பு மாற்றுவதை ஸ்கின் என்கிறார்கள் பையன்கள். அதைத் தமிழாக்கி 'புதிய தோல் வாங்கவும்' என்று எங்கோ எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் செருப்புக் கடைதான் நினைவுக்கு வந்தது. வேடம் என்ற சொல் கூத்துக்காரர் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துக்கொள்ள ஆளில்லை.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான், பாராட்ட வேண்டும். "எல்லாம் சரி மாமா, டெட் ஆர் அலைவ் கேம்ல அந்த டிரெஸ்ஸெல்லாம் தனியா காசு குடுத்து வாங்கணும். காசு வாங்கினா எப்படி கொசுறு?"

ஆகாதுதான். காசு வாங்கிவிட்டால் அது சரக்கு. ஆனால் பெண்ணுருவின் உடுப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சொல்லைத் தொட முடியாதபடி நம் ஆட்கள் ஏற்கெனவே நாறடித்து வைத்திருக்கிறார்கள். அது போக, புதுச்சேரியில் சரக்கு என்று எழுதினால் யாருக்கு உடுப்பு நினைவுக்கு வரும்? இதற்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.